பக்கிரிசாமி வாங்கிய வெற்றிலை

வாசகப் பெருமக்களுக்கு வணக்கம். துப்பறியும் கதை எழுதக் கூர்மதியும் துணிவும் வேண்டும் என்பார்கள். முதலாவது என்னிடம் உண்டா என்பதை அறியேன். இரண்டாவது இல்லை என்பது உறுதி. இருந்தும் எழுதத் தலைப்பட்ட பிழையைத் தாங்கள் பொறுத்தருள வேண்டும். இந்த அத்தியாயத்தில் துப்பாக்கி வெடிக்காது; ஒரு சொட்டு இரத்தமும் சிந்தாது. துப்பறிவாளர் கார்த்திகேசு ஒரு பெரியவரை ஒரு பகற்பொழுதில் தேடிப் போகிறார், அவ்வளவே. நடையில் குறையிருப்பின் அது என்னைச் சேரும். மற்றக் குறைகள் கார்த்திகேசுவைச் சேரும் என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை, காலை ஏழரை மணி. பிரிக்பீல்ட்ஸ் ஸ்காட் சாலையில் ஒரு சாப்பாட்டு மெஸ்ஸின் மேல்மாடியில் இருந்தது கார்த்திகேசுவின் அலுவலகம். அவர் பூட்டைத் திறப்பதற்குள் மெஸ்ஸின் சமையற்காரர் வீரம்மா, கையில் கரண்டியோடு படியேறி வந்துவிட்டார்.

"தம்பி, பெரியவர காணோம்."

எந்தப் பெரியவர் என்று கார்த்திகேசு கேட்கவில்லை. பத்து நாட்களாக அந்தத் தெருவே பேசிக்கொண்டிருந்த பெரியவர் அவர்.

வீரம்மாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டமொன்றில், மழை கொட்டிய ஓர் இரவில் பிறந்தவர். அந்தப் பிறப்பை எவரும் போய்ப் பதியவில்லை. அதனால் இந்த மண்ணிலேயே பிறந்து, இந்த மண்ணை விட்டு ஒருநாளும் வெளியே போகாமலேயே, குடியுரிமை இல்லாதவர்களுக்குரிய சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளிக்கொண்டிருந்தார். தேர்தல் நாளில் தெருவிலுள்ள அத்தனை பேருக்கும் சோறு வடித்துப் போடுவார். சாப்பிடுகிற விரல்களிலெல்லாம் மை இருக்கும், பரிமாறுகிற விரலில் மட்டும் இராது. குடிமக்களுக்குரிய நீல அட்டைக்கு விண்ணப்பித்து ஒன்பதாவது ஆண்டு நடக்கையில்தான் கடிதம் வந்தது. இன்று பிற்பகல் மூன்று மணிக்கு ஷா ஆலம் அலுவலகத்தில் நேர்காணல். பிறப்பை நேரில் அறிந்த ஒருவரைச் சாட்சியாக அழைத்து வரவேண்டும். வரத் தவறினால் கோப்பு மூடப்படும். மீண்டும் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும்.

தோட்டம் கலைந்து போய்விட்டது. ஆட்களும் திசைக்கொருவராகச் சிதறிவிட்டார்கள். தேடித் தேடி வீரம்மா கண்டுபிடித்த ஒரே ஆள், மேரு என்ற ஊரில் மருமகளோடு இருந்த பக்கிரிசாமி. வயது எழுபத்தேழு. "வரேம்மா, கண்டிப்பா வரேன்" என்று சொன்ன அந்தப் பெரியவர், நேற்று விடியற்காலையில் தம் பழைய கப்சாய் மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியாளாகப் புறப்பட்டார். இன்னும் வீடு திரும்பவில்லை.

"மருமக கேட்டதுக்கு, சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வரேன்னாராம் தம்பி. எழுபத்தேழு வயசுல என்னா சுத்து? இன்னிக்கு எனக்கு வாழ்க்கையே மூணு மணியில நிக்குது!"

கார்த்திகேசு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். முன்பு காப்புறுதி நிறுவனமொன்றில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடிக்கும் பணியில் இருபதாண்டு இருந்தவர். துடைக்கத் துடைக்கக் கண்ணாடி தெளிவதைப் போல் தம் மூளையும் தெளியும் என்பது அவர் நம்பிக்கை.

மேசையில் அமர்ந்து நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த அவருடைய உதவியாளர் உஷாராணி நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, எதையாவது பிடிச்சுக்குங்க. பாஸ் கண்ணாடிய தொடைச்சாருன்னா ஒரு தியரி வரப்போவுதுன்னு அர்த்தம்."

"வண்டிய எடு உஷா. அக்காவும் நம்மகூட வரட்டும். ஆள் கிடைச்சதும் அப்படியே ஷா ஆலம் போயிடலாம்."

"அக்காவ நேரா ஷா ஆலத்துல இறக்கி விட்டுட்டு நாம தேடலாமே பாஸ்?"

"சாட்சி இல்லாம அவங்க அங்க போயி என்ன செய்வாங்க? அதோட, அந்தப் பெரியவர் மூஞ்சி எனக்குத் தெரியாது. அக்காவுக்குத்தான் தெரியும்."

காரணம் நேர்த்தியாகத்தான் இருந்தது. உஷாராணி தோளைக் குலுக்கிவிட்டு மைவி காரின் சாவியை எடுத்தாள்.

மேருவில் பக்கிரிசாமியின் மருமகள் மாதவி வாசலிலேயே காத்திருந்தாள். தொழிற்சாலைச் சீருடையில் இருந்தாள். வேலைக்குப் போவதா, மாமனாரைத் தேடுவதா என்று தெரியாமல் செருப்பைப் பாதி மாட்டிய நிலையில் நின்றாள்.

"போன் எடுத்துட்டுப் போனாரா?" என்றார் கார்த்திகேசு.

"அதோ சார்ஜ்ல இருக்கு அங்கிள்."

"வேற என்ன விட்டுட்டுப் போனாரு?"

மாதவி அறைக்குள் கைகாட்டினாள். கட்டிலருகே ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீருக்குள் பல்செட் ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது.

"கட்டுன நாள்லேர்ந்து அது அங்கதான் இருக்கு. ஈறு குத்துதாம்."

"ஒண்ணு சார்ஜ்ல, ஒண்ணு தண்ணியில" என்றாள் உஷாராணி. "பேசவும் முடியாது, கடிக்கவும் முடியாது. ரொம்ப சாதுவான ஆளுதான் பாஸ் நாம தேடறது."

"எதை எடுத்துட்டுப் போனாரு?"

"வெள்ளை வேட்டிய இஸ்திரி போட்டு மடிச்சு எடுத்துட்டுப் போயிருக்காரு. அப்புறம் சாமி ரூம்ல இருந்த பித்தளைத் தட்டையும் காணோம் அங்கிள். அவருதான் எடுத்திருக்கணும்."

கார்த்திகேசு கண்ணாடியைத் துடைத்தார். வெள்ளை வேட்டி, பித்தளைத் தட்டு. "கோயில் கோயிலாப் போறாரு" என்று தீர்ப்பளித்தார். "வயசான காலத்துல தனியா ஒரு யாத்திரை."

பழைய தோட்டம் இருந்த திசையில், கோலசிலாங்கூர் சாலையில் போனால் முதல் ஊர் காப்பார். அங்கே கோயில் அர்ச்சகர் அப்படி ஒருவரைப் பார்க்கவேயில்லை என்றார். முதல் தியரி அரைமணி நேரங்கூட உயிரோடு இருக்கவில்லை. ஆனால் கோயிலுக்கு எதிரே மளிகைக்கடை வைத்திருந்த முதியவருக்குக் கப்சாய் நன்றாக நினைவிருந்தது.

"நேத்து காலையில கடை தொறக்கும்போதே வந்து நின்னாரு. ஒரு கட்டு வெத்தலை, கொட்டைப்பாக்கு, ரெண்டு வாழப்பழம் வாங்கினாரு. சுண்ணாம்பு வேணுமான்னு கேட்டேன். வேணாம்னுட்டாரு."

கார்த்திகேசுவின் முகம் மலர்ந்தது. காரை நோக்கி நடந்தபடியே விளக்கினார்: "வெத்தலை போடற ஆள் உஷா. பழக்கம் விடாது. வெத்தலை வாடிப் போகும். அடுத்த ஊர்லயும் வாங்கியே ஆகணும். வெத்தலைக் கடைகளைப் பிடிச்சுக்கிட்டே போனா ஆள் மாட்டிக்குவாரு."

"சுண்ணாம்பு வேணாம்னாராமே?"

"டப்பாவ மடியிலயே வச்சிருப்பாங்க பழைய ஆளுங்க. உனக்குத் தெரியாது."

"எனக்கு என்னதான் தெரியும் பாஸ்? வண்டி ஓட்டத் தெரியும். அதையும் நீங்கதான் பக்கத்துல உக்காந்து ஓட்டறீங்க."

பின்னிருக்கையில் வீரம்மா தம் சிறிய பொத்தான் கைத்தொலைபேசியைக் காதில் வைத்தபடியே வந்தார். ஒவ்வொரு ஐந்து நிமிடத்திற்கும் ஒருமுறை பக்கிரிசாமியின் எண்ணை அழுத்துவார். ஒவ்வொரு முறையும் மேருவிலிருந்து மாதவி எடுப்பாள்.

"அக்கா, நான்தான். போன் இங்கதான் இருக்கு."

"தெரியும்மா. இருந்தாலும் ஒருவேளை வந்திருந்தாருன்னா..."

"வந்தா நானே அடிக்கறேன்க்கா. நீங்க அடிச்சிக்கிட்டே இருந்தா நான் எப்படி அடிக்கிறது?"

அடுத்த ஊரான ஜெராமில் ஒரு மணிநேரம் பாழாயிற்று. வெயில் ஏறிவிட்டது. கடலோரக் கடைக்காரர் ஒருவர் கார்த்திகேசுவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வெத்தலையா? இங்க சிப்பிதான் இருக்கு boss. மெல்லலாம், ஆனா பல்லு போயிடும்" என்றார். உஷாராணி வாய்விட்டுச் சிரித்தாள். கார்த்திகேசு சிரிக்கவில்லை. அந்த மனிதரிடம் ஒரு சொல்லுக்குப் பதில் ஒன்பது சொல் பேச அவருக்கு நாக்குத் துடித்தது. ஆனால் கடிகாரம் பத்தே முக்காலைக் காட்டியது.

கோலசிலாங்கூரில் பூக்கடை வைத்திருந்த பெண்மணி தடயம் தந்தார்.

"அந்தத் தாத்தாவா? ஐயோ, அவரு என்னைப் படுத்தின பாடு! நுனி உடையாத இலையா பாத்துக் குடும்மா, கிழிசல் இல்லாததா குடும்மான்னு கட்டு கட்டாப் பிரிச்சுப் பாத்தாரு. பையில ஏற்கெனவே வெத்தலை இருந்துச்சு. வாடிப் போச்சுன்னு தூக்கிப் போட்டாரு. ஒரு இலையக்கூட தொட்டிருக்கல."

"எந்தப் பக்கம் போனாரு?"

"புக்கிட் ரோத்தான் ரோட்டுல போனாரு."

கார்த்திகேசு நன்றி கூறிவிட்டுக் காருக்கு விரைந்தார். ஒரு நாள் பின்தங்கி, ஓர் ஊர் பின்தங்கி, அந்தக் கப்சாயின் புகையைத் துரத்திக்கொண்டிருப்பதாக அவருக்குத் தோன்றியது. ஓடிப்போன மேலாளர்களைப் பிடித்திருக்கிறார். எரித்துவிட்டுத் திருட்டுப் போனதாகச் சொன்ன லோரிகளைப் பிடித்திருக்கிறார். பல்லில்லாத ஒரு பெரியவரைப் பிடிக்க முடியவில்லை.

"தொடவே தொடாத வெத்தலைய ஏன் பாஸ் சுமக்கணும்?" என்றாள் உஷாராணி.

"ரோட்டப் பாத்து ஓட்டு."

அந்த நேரத்தில் வீரம்மாவின் கைத்தொலைபேசி ஒருமுறை கூவிவிட்டு அணைந்தது. உஷாராணி தன் சார்ஜரை நீட்டினாள், துளை பொருந்தவில்லை.

"உங்க போனுக்கு மியூசியத்துலதான் சார்ஜர் வாங்கணும்க்கா."

"விடும்மா. பேசி என்ன ஆவப்போவுது."

புக்கிட் ரோத்தானுக்குள் நுழையும்போது மணி ஒன்று. பசி மூவருடைய முகத்திலும் எழுதி ஒட்டியிருந்தது. சாலையோரத்தில் ஜெய்னுதீன் என்பவருடைய உணவகம் இருந்தது. கல்லாவருகே ஒரு தட்டில் சாப்பிட்டு முடித்தவர்களுக்காக வெற்றிலையும் சீவல் பாக்கும் வைத்திருந்ததைக் கண்டதும் கார்த்திகேசு நிமிர்ந்தார்.

"பாய், நேத்து ஒரு பெரியவர் கப்சாயில வந்து உங்ககிட்ட வெத்தலை வாங்கினாரா?"

"வாங்கலியே boss" என்றார் ஜெய்னுதீன், தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே. "மத்தியானம் வந்தாரு. சோத்தைக் குழைச்சுக் குடுக்கச் சொன்னாரு, பல்லில்ல பாவம். சாப்பிட்டு முடிச்சதும் நானே வெத்தலைத் தட்ட நீட்டினேன். 'எனக்குப் பழக்கமில்ல பாய்'னாரு. அப்ப பையில இருக்கறது என்னான்னு கேட்டேன். 'அது எனக்கில்ல'ன்னு சிரிச்சாரு. அந்தப் பைய கீழகூட வைக்கல. மடியிலயே வச்சிருந்தாரு மனுசன்."

உஷாராணி தேத்தண்ணிக் குவளையை மேசைமீது வைத்தாள். வைத்த வேகத்தில் பாதி சிந்தியது.

"பாஸ், கண்ணாடியத் தொடைக்காதீங்க. நான் சொல்றேன். பித்தளைத் தட்டு. இஸ்திரி போட்ட வேட்டி. நுனி உடையாத வெத்தலை, சீவாத கொட்டைப்பாக்கு, ரெண்டு பழம். சுண்ணாம்பு மட்டும் வேணாம். மெல்லறதுக்கு இல்ல பாஸ் இது. அவரு யாரையோ அழைக்கப் போயிருக்காரு!"

சென்ற ஆண்டு தம் மகள் திருமணத்திற்கு முந்நூறு பேரைக் கார்த்திகேசு அழைத்திருந்தார். முந்நூறும் வாட்ஸப்பில், ஒரே பொத்தானில். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டினால்தான் அழைப்பு என்பது அவர் தலைக்குள் எந்த மூலையிலும் இல்லை.

வீரம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயோ, எனக்கு இது தோணலையே! தோட்டத்து ஆளுங்க நல்லது கெட்டதுக்கு வெத்தலை வைக்காம யாரையும் கூப்பிட மாட்டாங்க. கூப்பிட்டாலும் வர மாட்டாங்க. ஆனா யாரைக் கூப்பிடப் போனாரு?"

"இராஜம்மான்னு ஒரு அம்மாவை விசாரிச்சாரு" என்றார் ஜெய்னுதீன். "மருத்துவச்சி மகளாம். காப்பார்ல இருக்காங்கன்னு போனாராம், அங்கேர்ந்து கோலசிலாங்கூர் போயிட்டாங்கன்னாங்களாம், அங்கயும் இல்லியாம். நல்லவேளையா எனக்குத் தெரிஞ்சவங்க. அந்தம்மா மகன் அய்யாவுதான் எனக்குத் தேங்கா போடறவன். பத்தாங் பெர்ஜுந்தையில வீடு. நான்தான் வழி சொல்லி அனுப்பினேன்."

கார்த்திகேசுவின் காதுகள் சிவந்தன. "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே பாய்!"

"நீங்க வெத்தலையப் பத்தித்தானே boss கேட்டீங்க?"

காப்பாரிலும் கோலசிலாங்கூரிலும் அவர் கேட்டது அதுவேதான். அந்தப் பெரியவர் யாரைப் பற்றி விசாரித்தார் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் பத்து மணிக்கே பதில் கிடைத்திருக்கும். உஷாராணி சாவியை எடுத்துக்கொண்டு காரை நோக்கி நடந்தாள். அவள் கேலி செய்திருந்தால் கார்த்திகேசுவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இஜோக் வழியாகப் பத்தாங் பெர்ஜுந்தையை அடைந்து, மூன்று சந்துகளில் தவறி நுழைந்து, அய்யாவுவின் வீட்டு வாசலில் நின்றபோது மணி இரண்டே கால். மாமரத்தடியில் நின்றிருந்தது அந்தக் கப்சாய். இருக்கையில் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது.

"மாட்டினாரு!" என்று கார்த்திகேசு கதவைத் திறந்துகொண்டு பாய்ந்தார்.

அய்யாவுவின் மனைவி ஈரக் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். பின்னிருக்கையிலிருந்து இறங்கிய வீரம்மாவை உற்றுப் பார்த்தார்.

"நீங்க... வீரம்மாக்காவா?"

"ஆமாம்மா. பக்கிரிசாமி ஐயா..."

"ஐயோக்கா! நீங்க இங்க என்னா பண்றீங்க? அவங்க மூணு பேரும் உங்களுக்காக ஷா ஆலத்துல இல்ல காத்துக்கிட்டு இருக்காங்க!"

கோழி கப்சாயிலிருந்து குதித்து இறங்கிப் போயிற்று.

நடந்தது இதுதான். பக்கிரிசாமி நேற்று மாலை வந்தார். கிணற்றடியில் கைகால் கழுவி, வெள்ளை வேட்டிக்கு மாறி, தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து வாசலிலேயே நின்றார். இராஜம்மா தட்டை வாங்கும்வரை ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இராஜம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. எந்த அலுவலகப் படியும் ஏறாதவர். ஆனாலும் தட்டை வாங்கிக்கொண்டார். வாங்கியபின் மறுக்க முடியாது. இன்று பதினொரு மணிக்கு அய்யாவு தன் காரில் இருவரையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டான். பெரியவர் கையிலிருந்த கடிதத்தின் நகலில் வீரம்மாவின் எண் இருந்தது. நேற்றிரவே கூப்பிடச் சொன்னதற்கு, "பொம்பளப் பிள்ளைக்கு ராத்திரியில போன் அடிக்கறது மரியாதையில்ல" என்று பெரியவர் மறுத்துவிட்டார். காலையில் கூப்பிட்டபோதெல்லாம் எண் ஓயாமல் பேச்சில் இருந்தது. பிறகு அணைந்தே போய்விட்டது.

வீரம்மா கையிலிருந்த செத்த கைத்தொலைபேசியைப் பார்த்தார்.

உஷாராணி அதற்குள் அய்யாவுவின் எண்ணை வாங்கி அழைத்துவிட்டாள். ஒலிபெருக்கியில் அய்யாவுவின் குரல் பதறியது. "எங்கக்கா இருக்கீங்க? எங்க வீட்டுலயா? எங்க வீட்டுல என்னாக்கா பண்றீங்க? இருங்க, ஆபிசர்கிட்ட கேக்கறேன்." அடுத்த இரு நிமிடங்கள் இரண்டு மணிநேரமாகக் கழிந்தன. "அக்கா, நல்ல அம்மா அவங்க. மூணு மணிக்கு வரலன்னா நாலு மணி வரைக்கும் காத்திருக்கறாங்களாம். அதுக்கு மேல அவங்களால முடியாதாம். சீக்கிரம் வாங்க!"

"நாலு மணி!" என்றாள் உஷாராணி, என்ஜினை முடுக்கியபடி. "நெடுஞ்சாலையில விட்டா மூணு இருபதுக்கு நான் அங்க நிப்பேன் பாஸ்."

இந்த இடத்தில் கார்த்திகேசு பேசாமல் இருந்திருக்கலாம். அவ்வாறு இருந்திருந்தால் இந்த அத்தியாயத்தை இன்னும் மகிழ்ச்சியோடு எழுதியிருக்கலாம். ஆனால் காலை முதல் தோற்றுக்கொண்டே வந்த மனிதருக்கு, ஒரேயொரு முறையாவது சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்ற வேட்கை எழுந்தது. கண்ணாடியைக் கழற்றினார்.

"வேணாம் பாஸ்" என்றாள் உஷாராணி.

"கேளு. டோல்கிட்ட இந்நேரம் லோரியா நிக்கும். செம்பனைக்குள்ள ஒரு தோட்டத்து ரோடு இருக்கு. எரிஞ்ச லோரி கேசுல நான் அதுல போயிருக்கேன். பத்து கிலோமீட்டர் மிச்சம்."

"எப்ப போனீங்க?"

"அது... அது ஆச்சு, ஒரு ஆறு வருசம்."

"பாஸ், ஆறு வருசத்துல செம்பனை மரமே வீடா மாறிடும்லா!"

"உஷா, இந்தக் கேசுக்கு நான் பொறுப்பா, நீ பொறுப்பா?"

உஷாராணி காரின் பின்பார்வைக் கண்ணாடியில் வீரம்மாவைப் பார்த்தாள். வீரம்மா, "தம்பிக்குத் தெரியும்மா. தம்பி சொல்றபடி போ" என்றார். அந்த நம்பிக்கையைக் கேட்டபிறகாவது கார்த்திகேசு யோசித்திருக்கலாம். ஆயினும் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை.

செம்மண் சாலையில் எட்டு கிலோமீட்டர் நன்றாகத்தான் போனார்கள். ஒன்பதாவது கிலோமீட்டரில் சாலை முடிந்துவிட்டது. குறுக்கே புத்தம்புதிய இரும்பு வேலி, பூட்டிய கதவு. அப்பால் செம்பனை இல்லை. வரிசை வரிசையாகக் கூரை வேயாத இரட்டைமாடி வீடுகள். காவலுக்கு இருந்த நேப்பாளி இளைஞர் பணிவாகத் தலையாட்டினார். சாவி அவரிடம் இல்லை. சாவி வைத்திருப்பவர் கிள்ளானில் இருந்தார்.

கார்த்திகேசு இறங்கி அந்தப் பூட்டை இழுத்துப் பார்த்தார். மறுபடியும் இழுத்தார். வேலிக்கு அப்பால், அரைக் கிலோமீட்டர் தொலைவில், ஷா ஆலம் செல்லும் நெடுஞ்சாலையில் வாகனங்கள் தடையின்றிப் பறந்துகொண்டிருந்தன. டோலில் லோரி வரிசை எதுவும் கண்ணுக்குத் தென்படவில்லை.

"நடந்து போயிடலாமா தம்பி?" என்று வீரம்மா கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை; உண்மையாகவே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றார்.

வேலியின் கீழே ஆழமான வடிகால் வெட்டியிருந்தார்கள். நடக்க வழியில்லை.

வண்டியைத் திருப்பினார்கள். திரும்புகையில் எதிரே பழக்குலை ஏற்றிய டிராக்டர் ஒன்று வந்து வழியை அடைத்தது. அது பின்னோக்கிப் போய் ஒதுங்கப் பன்னிரண்டு நிமிடம். நெடுஞ்சாலையில் ஏறும்போது மூன்று முப்பத்தெட்டு. உஷாராணி பற்களைக் கடித்தபடி ஓட்டினாள். ஷா ஆலத்தில் கடைசி மூன்று விளக்குகளும் சிவப்பாக இருந்தன. வாயிலில் நிறுத்தியபோது மணி நான்கு இருபத்திரண்டு.

அலுவலகப் படிக்கட்டில் மூவர் அமர்ந்திருந்தார்கள். அய்யாவு எழுந்து நின்றான். நடுவில் நீலச் சேலையும் புதிய செருப்புமாக இராஜம்மா. வெள்ளை வேட்டியின் கரை அழுக்காகாமல் தூக்கிப் பிடித்தபடி பக்கிரிசாமி.

"நாலேகால் வரைக்கும் அந்தம்மா உக்காந்திருந்தாங்க அண்ணே" என்றான் அய்யாவு. "ரெண்டு தடவ வெளியில வந்து ரோட்டப் பாத்தாங்க. இன்னிக்கே முடிச்சு அனுப்பற கோப்பாம். விண்ணப்பிச்ச ஆளு இல்லாம சாட்சி மட்டும் வச்சு ஒண்ணும் எழுத முடியாதாம். புதுசா போடச் சொல்லிட்டாங்க."

கார்த்திகேசுவுக்குக் கோபம் வந்தது. அதைப் போட ஓர் இடம் தேவைப்பட்டது. "ஐயா, நீங்க ஒருத்தர் சாட்சி போதும்னுதானே லெட்டர்ல இருந்துச்சு? எதுக்கு இன்னொருத்தரத் தேடி ஊர் ஊராச் சுத்தினீங்க? அதையாவது வீட்டுல சொல்லிட்டுப் போகக் கூடாதா?"

பக்கிரிசாமி பொக்கை வாயால் மெல்லப் பேசினார்.

"சொல்லிட்டுப் போயி அவங்க வர மாட்டேன்னுட்டா, அவங்களுக்குத்தானே கெட்ட பேரு? அழைக்கப் போறவன் முன்கூட்டியே பேசக் கூடாது தம்பி. அதோட, இந்தப் பொண்ணு பொறந்தப்ப நான் லயத்து வீட்டு வாசல்ல மழையில நின்னவன். அழுகைச் சத்தம்தான் என் காதுல விழுந்துச்சு. உள்ளே வெளக்குப் பிடிச்சிக்கிட்டு நின்னது இராஜம்மா. நேர்ல பாத்தியான்னு சர்க்கார்ல கேட்டா நான் என்னான்னு சொல்றது? கேட்டதைப் பாத்தேன்னு சொல்லவா?"

இராஜம்மா எழுந்து வந்து வீரம்மாவின் தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்பிப் பார்த்தார். "உங்கம்மா சாடைதான். பொறந்தப்ப தலை முழுக்க முடி உனக்கு. இத அந்த ஆபிசரம்மாகிட்ட சொல்லணும்னு வழியெல்லாம் மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே வந்தேன்."

வீரம்மா அழவில்லை. சாத்திய கண்ணாடிக் கதவின் அருகே சென்று உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"தம்பி, நாளைக்கு மெஸ்ஸுக்குச் சாப்பிட வராதீங்க. அடுத்த வாரம் வாங்க. இப்ப உங்களப் பாத்தா எனக்குக் கோவம் வருது. உங்க சோத்துல உப்பள்ளிப் போட்டுடுவேன்."

"சரிக்கா" என்றார் கார்த்திகேசு.

உஷாராணி இரு முதியவர்களுக்கும் தண்ணீர் வாங்கி வரப் போனாள். போகிற போக்கில் கார்த்திகேசுவின் கையிலிருந்த மூக்குக் கண்ணாடியை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். அவர் தடுக்கவில்லை.

அன்றைய இழப்புகளை மறைக்காமல் எழுதிவைப்பது கடமையாகும். வீரம்மா இழந்தவை: பிற்பகல் மூன்று மணி நேர்காணல் ஒன்று, ஒன்பது ஆண்டுகள் நடந்த கோப்பு ஒன்று, அடுத்து வரும் பொதுத்தேர்தலில் ஓர் ஓட்டு. பக்கிரிசாமியும் இராஜம்மாவும் சொல்ல வந்து சொல்லாமல் திரும்பிய வாக்குமூலங்கள் இரண்டு. புதிய விண்ணப்பம் விசாரணைக்கு வரும் காலத்தில் அவ்விருவரின் வயது என்னவாக இருக்கும் என்று அங்கே எவரும் கணக்கிடவில்லை. கார்த்திகேசு இழந்தவை: ஒரு வழக்கு, ஒரு வாரச் சாப்பாடு, குறுக்குவழி சொல்லும் உரிமை. ஆள் எவரும் தொலையவில்லை.